முதல் லைனில் என் மேனேஜர்

சான் ஹோசேயில் நான் ஒரு சீசன் முழுக்க ஐஸ் ஹாக்கி அணி ஒன்றை நடத்தினேன் என்று சொன்னால், ஆலன் என்ற ஊரில் இருக்கும் என் மைத்துனன் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பான். பொத்தினாலும் கேட்கும். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரனுக்கு ஐஸ் என்றால் சர்பத்தில் மிதக்கிற சாமான். காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு அதன் மேல் ஏறி நிற்பது, எலும்பு முறிவுக்கு நாமே போய் விண்ணப்பம் போடுவது மாதிரி.

நான் விண்ணப்பம் போட்டிருந்தது வேறொன்றுக்கு. கிரீன் கார்டுக்கு.

தொண்ணூறுகளின் பின்பாதி. மில்பிடாஸில் சிப் சோதிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. என் ஃபைல் வக்கீல் ஆபீசிலிருந்து புறப்பட்டு என் மேனேஜரின் மேஜை வரைக்கும் வந்து, அங்கே உட்கார்ந்துவிட்டது. நான் என்ன வேலை செய்கிறேன், அதை ஏன் நானே செய்தாக வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நீல உறை. அதன் மேல் அவருடைய காபிக் கோப்பை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தப் பக்கமாக நடந்து பார்ப்பேன். கோப்பை நகர்ந்திருக்கும். உறை நகர்ந்திருக்காது. வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்கலாம். கேட்டு, அவர் கோபித்துக்கொண்டால்? அதைவிட மோசம், அந்த நாலு பக்கத்தையும் உண்மையிலேயே படித்துவிட்டால்?

இந்த நிலைமையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவர் என் இடத்துக்கு வந்து, ஞாயிறு காலைகளில் உனக்கு வேலை இருக்கிறதா என்றார். கேள்வி முடிவதற்குள் இல்லை என்றேன். பிறகுதான் எதற்கு என்று சொன்னார். கம்பெனிகளுக்கிடையே ஐஸ் ஹாக்கி, கடைசிப் பிரிவு, தத்தித் தடுமாறுகிறவர்களுக்கானது. ஆள் குறைகிறது. வருகிறாயா? நீல உறையை நினைத்துக்கொண்டேன். சிறுவயதிலிருந்தே ஐஸ் ஹாக்கி என்றால் எனக்கு உயிர் என்றேன்.

என் முதல் ஆட்டமே கடைசி ஆட்டம் ஆனது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் முன்னால் ஆடும் மூன்று பேர் சேர்ந்தது ஒரு லைன். எங்களிடம் அப்படி மூன்று லைன்கள். ஒரு லைன் முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் ஓடிவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பி மூச்சு வாங்கும். அடுத்த லைன் இறங்கும். ஆட்டம் நிற்காது. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். அவுட் ஆகாதவன் எதற்கு வெளியே வர வேண்டும்? பெஞ்சிலிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நானும் கையை ஆட்டினேன். ஆறு நிமிடம் ஐஸில் இருந்தேன். அதில் நின்றது ஒரு நிமிடம் இருக்கும்.

அடுத்த வாரம் மேனேஜர் மிகவும் நாசூக்காக, உன் மூளை பெஞ்சில் இருந்தால் அணிக்கு நல்லது என்றார். ஆபீசில் எந்தச் சோதனை எந்த மெஷினில் எப்போது ஓட வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. அதனால் எந்த லைன் எப்போது இறங்குவது என்பதையும் நானே பார்த்துக்கொள்ளலாம். கூடவே பெஞ்சின் கதவைத் திறந்து மூடும் வேலை. பதவி உயர்வு கிடைத்தவன் போல வீட்டுக்கு வந்து சொன்னேன். "வாட்ச்மேன் உத்தியோகமுங்களா?" என்றாள் மனைவி.

முதல் லைனின் நடுவில் ஆடியவர் மேனேஜர். மினசோட்டாக்காரர், ஐம்பத்தைந்து வயது, பீரோ மாதிரி ஆகிருதி. ஏரி உறைந்த நாளெல்லாம் அதன் மேலேயே வளர்ந்தவர். முட்டியில் ஆபரேஷன் ஆனபின் தடுப்புச் சுவரைத் தாண்டிக் குதிக்க முடியாது. நான் திறக்கும் கதவுதான் அவருக்கு வழி. இரண்டு பக்கமும் இரண்டு கனடாக்காரர்கள், நன்றாக ஆடுவார்கள். அவர்களும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் என்பதால் அவர் வெளியே வராமல் தாங்களும் வர மாட்டார்கள். இரண்டாவது லைன் சுமார் ரகம். மூன்றாவதில் ஒரு தைவான்காரக் கணக்கர். பள்ளியில் ஐஸ் நடனம் கற்று, பின்பக்கமாக மட்டும் பிரமாதமாகச் சறுக்கும் வரவேற்பு மேஜைப் பெண்மணி. என் பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து வேலை செய்யும் திருநெல்வேலி நண்பர்.

முதல் மூன்று வாரத்தில் நாங்கள் போட்ட கோல் ஒன்பது. ஒன்பதும் முதல் லைன். நான் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, வண்ணம் அடித்து, மேனேஜரிடம் நீட்டினேன். கோல் அடிப்பது இவர்கள் மட்டுமே என்றால் ஐஸில் இருக்க வேண்டியதும் இவர்கள் மட்டுமே. மேனேஜர் நெடுநேரம் பார்த்தார். புள்ளிவிவரம் என்றால் அவருக்கு மரியாதை. சரி, நீ சொன்னால் சரி என்றார்.

உள்ளுக்குள் எனக்கிருந்த கணக்கை ஷீட்டில் போடவில்லை. கையெழுத்துப் போடப் போகிற மனிதரை, ஆட்டம் சூடு பிடிக்கும்போது, "நீங்கள் வந்து உட்காருங்கள், கணக்கர் போகட்டும்" என்று எந்த வாயால் சொல்வது? அவர் பெஞ்சுக்கு வந்தாலே நான் எழுந்து நின்றுவிடுகிற ஆள். அதனால் அவர் மூச்சிரைக்கக் கதவுப் பக்கம் வரும்போதெல்லாம், இன்னும் ஆடக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "கிரேட் சார்! ஒன் மோர் சார்!" என்று கத்திவிட்டுக் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். அவர் ஒரு கணம் சுவரைப் பிடித்து நிற்பார். என்னைப் பார்ப்பார். திரும்பிப் போவார். என்ன ஆர்வம் என்று வியப்பேன்.

ஹாக்கி ஆட்டம் மூன்று பாகம். முதல் பாகத்தில் மூன்று கோல் போடுவோம். இரண்டாவதில் இரண்டு வாங்குவோம். மூன்றாவதில் எதிரணிக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு பிக்னிக் நடத்துவார்கள். வாரா வாரம் இதே கதை. வாரா வாரம் நான் கண்ட தீர்வும் ஒன்றே: முதல் லைனை இன்னும் கொஞ்சம் நேரம் ஓட விடுவது.

திருநெல்வேலி நண்பர் ஐந்தாவது வாரம் பொறுமை இழந்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கவசத்த மாட்டதுக்கே எனக்கு அர மணி நேரம் ஆவுது. மாட்டிக்கிட்டு இங்கன உக்காந்து மேட்ச் பாக்கதுக்கு, வீட்ல லுங்கியோட டிவி பாத்திருப்பம்லா?"

"கொஞ்சம் பொறுப்பா. லீட் எடுத்துக்கலாம்."

"அதான் மூணு கோல் எடுத்தாச்சே!"

"அதக் காப்பாத்தோணுமல்ல?"

"சரி, தோக்கையிலயாவது எறக்கி விடும்."

"தோக்கறப்ப உன்னய எப்படி எறக்கறது?"

"அப்பம் எப்பந்தான்வே எறக்குவீரு? தீவாளிக்கா?"

அண்ணாச்சியிலிருந்து 'வே'க்கு நான் இறங்கியது அன்றைக்குத்தான். அவருக்கு அந்தச் சீசனில் அதுவரை கிடைத்த நேரம் எல்லாம் சேர்த்து ஒரு விளம்பர இடைவேளை அளவு இருக்கும்.

ஏழாவது வாரம் மனைவியும் ஒன்பது வயது மகளும் ஆட்டம் பார்க்க வந்தார்கள். மகளுக்கு ஆட்டம் நடக்கும் ரிங்க்கில் விற்கும் ஹாட் சாக்லெட் மேல் கண். வழக்கம்போல் தோற்றோம். திரும்பும்போது ஃப்ரீவேயில் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, அந்த மனுசன் மூஞ்சி பீட்ரூட்டாட்ட இருக்குது, பாத்தீங்களா?"

பின் சீட்டிலிருந்து மகள், "ஹி வாஸ் பர்ப்பிள், அம்மா," என்று திருத்தினாள்.

"கதவுகிட்ட வந்து வந்து நிக்கறாரு. நீங்க என்னமோ சொல்லித் தள்ளி உட்டுடறீங்க."

"அது ஆர்வம். இன்னும் ஆடோணும்னு கேக்கறாரு."

"ஆர்வமா? எங்க சித்தப்பனுக்கு நெஞ்சு வலி வந்தப்ப இப்படித்தான் செவுத்தப் புடிச்சுட்டு நின்னாரு."

"உனக்கு ஹாக்கி தெரியாது."

"ஹாக்கி தெரியாதுங்க. ஆனா அந்தாளு பொட்டுனு போய்ட்டாருன்னா உங்க ஃபைல்ல ஆரு கையெழுத்துப் போடுவா? நீங்களே போட்டுக்குவீங்களா?"

"அப்பா, யூ மிஸ்ட் தி எக்ஸிட்," என்றாள் மகள். அதற்கடுத்த எக்ஸிட்டையும் தவறவிட்டேன்.

ஏழு வாரமாக என்னை ஆட்டிவைத்த பயத்தை ஒரே வாக்கியத்தில் அவள் தலைகீழாகத் திருப்பிவிட்டாள். அதுவரை, மேனேஜரை உட்கார வைத்தால் கையெழுத்துப் போகும் என்று நடுங்கினேன். இப்போது உட்கார வைக்காவிட்டால் கையெழுத்தோடு ஆளும் போய்விடுவார் என்று நடுங்கினேன். அந்த வாரம் ஆபீசில் அவர் இருமினால் நான் தண்ணீரோடு நின்றேன். மாடிப்படி ஏறப் போனவருக்கு முன்னால் ஓடி லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன். மீட்டிங்கில் டோனட் பெட்டியை அவரிடமிருந்து நகர்த்திவிட்டு ஆப்பிளை நகர்த்தினேன். அவர் ஆப்பிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொஞ்சம் பயந்தது மாதிரி இருந்தது.

அதே நடுக்கத்தில் ஸ்ப்ரெட்ஷீட்டை மறுபடியும் திறந்தேன். நாங்கள் போட்ட கோலுக்கு வண்ணம் அடித்த மேதாவி, வாங்கிய கோலை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. முக்கால்வாசி மூன்றாம் பாகத்தில். முதல் லைனின் கால்கள் கொழகொழத்துப் போன பிறகு. எதிரணிகளுக்கும் எங்களைச் சமாளிப்பது ரொம்பச் சுலபமாக இருந்திருக்கிறது. மேனேஜர் மேல் இரண்டு பேரைப் போட்டால் போதும், எங்கள் கோல் கடை சாத்தப்பட்டது. மற்ற ஆறு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து விறைத்துப் போய், எப்போதாவது இறங்கினால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாமான் மாதிரி நின்றார்கள். இத்தனையும் என் அட்டவணை.

எட்டாவது வாரம், கடைசி ஆட்டம். எதிரணி, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி. மேனேஜரின் பழைய மேலதிகாரி அங்கே கோல் காப்பவர். சனிக்கிழமையே வீட்டுக்கு ஃபோன் செய்து, இதை மட்டும் எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்றார் மேனேஜர். இதுவரை எதற்கும் 'எப்படியாவது' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. தோற்றால் முகம் சுளிப்பார், கையெழுத்து இழுபடும். அவரை ஓட்டி ஜெயித்தால் ஆம்புலன்ஸ். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் ஃபைல்தான் அடிபட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பெஞ்சில் எல்லோரையும் உட்கார வைத்து, இன்றைக்கு மூன்று லைனும் சமமாக இறங்கும், ஆளுக்கு நாற்பத்தைந்து விநாடி, வாட்ச் என் கையில் என்றேன். நண்பர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்கா?"

"பேசாம ஹெல்மெட்ட மாட்டு."

முதல் முறை மேனேஜர் கதவுப் பக்கம் வந்தபோது நான் கதவை அகலத் திறந்துவிட்டு நின்றேன். பழக்கதோஷத்தில் அவர் பாதி வழியில் தானாகவே திரும்பிப் போகப் பார்த்தார். சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். உட்கார்ந்ததும் மனைவி கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்கிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இதில் உப்பு இருக்கிறதே என்றார். இருக்கிறது என்றேன். ஏதோ இலை கிடக்கிறதே என்றார். அதுவும் இருக்கிறது என்றேன். இரண்டாவது கப் கேட்டார்.

எதிரணிக்கு எங்கள் கதை தெரிந்திருந்தது. அவர்களுடைய நல்ல ஆட்டக்காரர்கள் இருவரும் மேனேஜரை ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் யாரை ஒட்டுவது என்று தெரியாமல் விழித்தார்கள். அந்த இடைவெளியில் எங்கள் இரண்டாவது லைன் ஒரு கோல் போட்டது. எட்டு வாரத்தில் முதல் தடவையாகத் தொடர்ந்து ஆடியதில் சூடேறி இன்னொன்றும் போட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பதிலுக்கு ஒன்று போட்டார்கள்.

மூன்றாவது லைன் போட்டதைக் கோல் என்று நான் சொல்வேன். பார்த்தவர்கள் வேறு ஏதாவது சொல்லலாம். வரவேற்புப் பெண்மணி பின்பக்கமாக அழகாக ஒரு வட்டம் அடிக்க, எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, கணக்கர் கண்ணை மூடிக்கொண்டு பக் என்கிற ரப்பர் வில்லையைத் தட்ட, அது கோல் முன்னால் குப்புற விழுந்து கிடந்த நண்பரின் இடுப்பில் பட்டு உள்ளே போனது.

"யாருவே போட்டது?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சுக்கு வந்தார்.

"நீதான்யா."

"நான் கீழல்லா கெடந்தேன்!"

"கெடந்ததுதான் கோல்."

ஐந்து நிமிடத்துக்கு அவர் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை முதல் லைன் இறங்கியபோது நாங்கள் ஒன்று வாங்கினோம். மூன்றுக்கு மூன்று.

ஒன்றரை நிமிடம் பாக்கி. வாட்ச்படி மூன்றாவது லைனின் முறை.

பெஞ்சே என் முகத்தைப் பார்த்தது. அன்றைக்கு முதல் லைனின் கோல் பூஜ்யம். மேனேஜர் மூச்சு வாங்கித் தெளிந்து, முகம் மனித நிறத்துக்குத் திரும்பி, ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தப் பக்கம் அவருடைய பழைய மேலதிகாரி கோலில் நின்று இவரைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார். கணக்கர் என்னைப் பார்க்கிறார். நண்பர் என்னைப் பார்க்கவில்லை. கவசத்தின் வாரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த வார்தான் என்னை என்னமோ செய்தது. இவர்களை இப்போது உட்கார வைத்தால் பழைய ஸ்ப்ரெட்ஷீட்டே தேவலை. மேனேஜரை இப்போதே அனுப்பினால், நடுவில் திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் வராது.

என் கை தானாகப் போய் மேனேஜரின் தோளில் உட்கார்ந்து அமுக்கியது. வாயிலிருந்து வந்தது தமிழ்.

"உக்காருங்க சார்!"

பீரோ உட்கார்ந்தது. கை தோளிலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, எடுக்க வரவில்லை. நண்பரும் கணக்கரும் பெண்மணியும் கதவு வழியாகப் பாய்ந்தார்கள். பக் ஓரச் சுவரோடு போய்ச் சிக்க, நண்பர் அதன் மேல் விழ, கணக்கர் நண்பர் மேல் விழ, எதிரணியில் மூன்று பேர் கணக்கரைக் குத்திக் குடைய, ஏறக்குறைய ஒரு நிமிடம் அங்கே ஹாக்கி நடக்கவில்லை, ரேஷன் கடை வரிசை நடந்தது. யாரும் கோல் போட முடியவில்லை. எங்களுக்கு அதுவே வெற்றி. கடைசி முப்பத்தைந்து விநாடிக்குக் கதவைத் திறந்து மேனேஜரை விட்டேன். இருபது வயதுக்காரர் மாதிரி போனார். இரண்டு பேரைத் தாண்டினார். அடித்தார். பக் கோல் கம்பத்தில் பட்டு ஒரு சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தது. மணி அடித்தது. டிரா.

அவர் என்னைத் தாண்டி உடைமாற்றும் அறைக்குப் போனார்.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. அந்த ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுத்திருந்தால், பழைய மேலதிகாரி முகத்தில் கரி பூசியிருப்பார். திங்கள் காலை பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்து என்றார். சாத்தினேன். எந்தப் பெட்டியை முதலில் கட்டுவது என்று மனம் ஓடியது.

ஒன்று கேட்க வேண்டும், மறைக்காமல் சொல் என்றார். வாரா வாரம் நான் வெளியே வர உயிரைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வருவேன். நீ 'ஒன் மோர்' என்று கதவைச் சாத்துவாய். என் மேல் உனக்கு என்ன கோபம்?

கோபமா? எனக்கா? அவரே தொடர்ந்தார். முதலில் உன் புள்ளிவிவரத்தை நம்பினேன். அப்புறம்தான் புரிந்தது. உன் கடிதத்தை ஒரு மாதத்துக்கு மேலாக மேஜையில் போட்டு வைத்திருந்தேன். அதற்குத்தான் நீ ஐஸில் வைத்துப் பழி வாங்குகிறாய். அதனால்தான் மூன்று வாரம் முன்பே அவசரமாகக் கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகும் நீ விடவில்லை. அப்புறம் ஆப்பிள் வேறு கொடுத்தாய். நேற்று நீ என்னை உட்கார வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

நான் மேஜையைப் பார்த்தேன். நீல உறை கோப்பைக்கு அடியில்தான் இருந்தது. காலி உறை. கோப்பை மேஜையில் வட்டம் போடாமல் இருக்க வைத்திருக்கிறார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சார், பழியில்லை, பயம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைப் பார்த்து ஒரு மேனேஜர் பயந்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. சரி, பழையதை மறந்துவிடலாம் சார் என்று பெரிய மனது பண்ணிவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாலயே போட்டுட்டாருங்களா? அப்ப நேத்து அவரு மண்டையப் போட்டிருந்தாலும் நமக்கு ஒண்ணுமில்ல?"

"அப்படியில்ல. வக்கீல் ஆபீசுல கேட்டேன். அடுத்த ஸ்டேஜுக்கும் ஒரு லெட்டர் வேணுமாம். அவரு கையெழுத்தோட."

"அது எப்பங்க?"

"ஒண்ணர வருசம் ஆகுமாம்."

அவள் மறுபடியும் வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள்.

"பிரசருக்கு மாத்தர ஏதாச்சும் சாப்படறாரான்னு நாளைக்குக் கேட்டு வெய்யுங்க," என்றாள்.